ஆறடிக் கம்பி

பேனல்காரருக்கு வாய் ஓயாது. ஒரு வீட்டு மொட்டைமாடியில் சோலார் பேனல்களை மாட்டி முடித்து இறங்குவதற்குள், அந்த வீட்டு மாமியார் மருமகள் சண்டையைக்கூடத் தீர்த்து வைத்திருப்பார். ஆனால் ஒரே ஒரு பேச்சை மட்டும் அவர் விளையாட்டாகச் சொன்னதில்லை. வேலை முடிந்ததும் பேனலின் அலுமினியச் சட்டத்தில் உள்ளங்கையை அழுத்தி வைத்து, "சின்னக் கொழந்தகூடத் தொடலாம். அதுக்கு நான் பொறுப்பு" என்பார். பதினோரு வருடமாக வீடு வீடாகக் கொடுத்து வந்த வாக்கு அது.

அந்த வாக்கைத் தாங்கியது மண்ணுக்குள் இருக்கும் எர்த் கம்பி. எங்காவது வயர் உரசி மின்சாரம் கசிந்தால், ஆளைத் தாக்கவிடாமல் மண்ணுக்குள் இறக்கிவிடுவது அதுதான். ஆறடி ஆழம் போக வேண்டும். அதை அடித்து இறக்குவது அவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி. வேலைவெட்டி இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவனைக் கூட்டிவந்து தொழிலில் பாதியைக் கொடுத்தவர் இவர். மாமா மேலே, மச்சான் கீழே. ஒருவர் வேலையை மற்றவர் எட்டிப் பார்ப்பதில்லை. எட்டிப் பார்த்துவிட்டால் அப்புறம் என்ன உறவு என்பது அவர் நினைப்பு.

ஊருக்கெல்லாம் மாட்டியவருக்கு, போன மாதம்தான் தன் வீட்டுக்கு மாட்ட வேளை வந்தது. அன்று மைத்துனன் அக்கா கையால் இரண்டு முறை டீ வாங்கிக் குடித்து, வியர்வை சொட்டச் சொட்ட எர்த் குழியை மூடினான்.

மழை விட்ட ஒரு காலையில் பேனலைத் துடைக்கப் போன மனைவி, கையை உதறிக்கொண்டே இறங்கி வந்தாள். சுரீரென்று இழுக்கிறது என்றாள். அரைத் தூக்கத்தில் எதையோ தொட்டிருப்பாய் என்று இவர் கிண்டலடித்தார். தம்பி போட்ட எர்த்தாயிற்றே, அப்படியெல்லாம் இருக்காது என்று அவளும் தன்னைத் தேற்றிக்கொண்டாள். மறுநாள் துணி காயப்போட ஏறிய மகள் அலறினாள். சட்டத்தில் விரல் பட்டதும் தூக்கியடித்ததில், சுவரில் மோதி முழங்கை கிழிந்திருந்தது.

இணைப்பைத் துண்டித்துவிட்டுத் தேடினார். ஒரு வயர், கிளிப்பில் உரசித் தோல் உரிந்து கிடந்தது. அது தன் தப்பு, ஒப்புக்கொண்டார். ஆனால் அந்த மாதிரித் தப்பைத் தாங்கத்தானே கீழே கம்பி இருக்கிறது? இறங்கிப் போய்க் குழியின் மூடியைத் தூக்கினார். கம்பியைப் பிடித்து அசைத்தார். ஆடியது. ஆறடி இறங்கிய கம்பி ஆடாது. இரண்டு கையாலும் இழுத்தார், முள்ளங்கி மாதிரி வந்துவிட்டது. இரண்டே அடி. அடிநுனியில் ரம்பம் ஓடிய தடம் தெரிந்தது. பாறை தடுத்தது என்றிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். இது அளந்து பார்த்து அறுத்தது.

மனைவிதான் தம்பிக்குப் போன் போட்டாள். வந்தவன் கம்பியைப் பார்த்துத் தலையைச் சொறிந்தானே தவிர, ஆள் அசரவில்லை. ஆறடி இறக்குவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடுகிறது, மண்ணைத் தோண்டி யார் பார்க்கப் போகிறார்கள் என்றான்.

பேனல்காரர் கம்பியின் அறுத்த நுனியை அவன் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"எங்க வீட்ல மட்டுமா, இல்ல..."

மைத்துனனுக்கு ரோஷம் வந்துவிட்டது. நீயாவது எடுத்துச் சொல் என்பதுபோல அக்காவைப் பார்த்தான்.

"என்ன மாமா இப்படிக் கேட்டுட்டீங்க? மத்த வீட்டுக்கெல்லாம் ஒரு அடிதான். அக்கா வீடாச்சேன்னு இங்க ரெண்டடி போட்டேன்."

அக்கா அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. மகளின் முழங்கைக் கட்டைச் சரிசெய்ய உள்ளே போய்விட்டாள்.

பேனல்காரர் அந்த இரண்டடிக் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எத்தனையோ வீடுகளில், சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று, அந்த வீட்டுக் குழந்தையையே தூக்கிச் சட்டத்தில் கை வைக்கச் சொல்லியிருக்கிறார். குழந்தையும் வைத்துவிட்டு அவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறது.

கடப்பாரையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். முதல் வீடு எதிர்வரிசையில்தான். கதவைத் தட்டி என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.