எதிர்க் கம்பத்தின் அருகே

கைப்பந்து நடுவர் உரிமத்தைப் புதுப்பிக்கும் தேர்வுக்கு இம்முறை தனியாகப் போனேன். இதற்கு முன் ஒவ்வொரு முறையும் என் மனைவியும் நானும் சேர்ந்தே போனோம். அவள் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் உடற்கல்வி ஆசிரியை. நான் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவன். என்னை நடுவராக்கியவள் அவளே. வலையின் ஒரு முனையில் உயர்ந்த மேடைமேல் நான் நிற்பேன், முதல் நடுவர். எதிர்க் கம்பத்தின் அருகே தரையில் அவள் நிற்பாள், இரண்டாம் நடுவர். சென்ற ஐப்பசியில் அவள் இறந்தாள். உரிமமும் போய்விட்டால் எந்த மைதானத்திலும் எனக்கு நிற்க இடமில்லை. வேறெங்கும் நிற்க விருப்பமும் இல்லை.

தேர்வு வேங்கிக்காலை ஒட்டிய மைதானத்தில். காலையில் எழுத்துத் தேர்வு. விதிகள் எதுவும் மறந்துவிடவில்லை. இடைவேளையில், தன் சான்றிதழைப் புதுப்பிக்க வந்திருந்த பயிற்சியாளர் ஒருவர் தேநீரோடு வந்து பிடித்துக்கொண்டார்.

"இன்னா சார், கண்ணாடி புதுசா? லைன்ல விழற பாலு உள்ளதான்னு இனிமேலாவது தெரியுங்களா?"

"கண்ணாடிதான் புதுசு. உங்க டீம் பழசுதானே," என்றேன்.

சிரித்தார். பிறகு எதையோ நினைத்துக்கொண்டவராகச் சிரிப்பை நிறுத்தி, என் காலி டம்ளரையும் வாங்கிக்கொண்டு போனார்.

பிற்பகல் செய்முறைத் தேர்வு. கல்லூரிப் பெண்கள் இரு அணிகளாக ஆடினார்கள்.

ஓர் அணி பந்தை நான்காம் முறை தொட்டுவிட்டால், இரண்டாம் நடுவர் அதை ஊதுவதில்லை. முதல் நடுவருக்கு மட்டும் தெரியும்படி நான்கு விரல்களை நெஞ்சோடு வைத்துக் காட்டுவார். அவள் அதை வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தாள். கல்யாணங்களில் நான் யாரையாவது நிறுத்திவைத்துப் பேசிக்கொண்டே போனால், கூட்டத்துக்கு அப்பால் புடவைத் தலைப்பின்மேல் நான்கு விரல்கள் தெரியும். பேச்சை முடித்துக்கொள்வேன்.

விசில் ஊதியதும், அடுத்து சர்வீஸ் போட வேண்டிய அணியின் பக்கம் முதல் நடுவரின் கை நீள வேண்டும். ஊதினேன், கை எழவில்லை. எதிர்க் கம்பத்தைப் பார்த்தேன். அங்கே நின்ற இளைஞர் தம் சைகைகளைச் சரியாகவே காட்டினார். ஆனால் அவர் உயரமானவர்; அவள் குள்ளம். அவள் கை இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய சட்டையின் கடைசிப் பொத்தான் இருந்தது. ஒவ்வொரு புள்ளிக்கும் அந்தப் பொத்தானையே பார்த்தேன்.

"சார், பாயிண்ட் யாருக்கு சார்?" என்று ஒரு பெண் கேட்டே விட்டாள்.

தேர்வாளர் என்னையும் அவளையும் அறிந்தவர். நான் இறங்கியதும் ஓரமாக அழைத்துப் போனார்.

"ரூல்ஸ்ல தப்பே இல்ல சார். ஆனா ஒவ்வொரு தடவையும் அப்படியே நின்னுட்றீங்க. பாஸ் போட முடியலீங்க."

"போடக் கூடாது."

"வேற ஆளுங்களோட கொஞ்சம் மேட்ச் ஊதிப் பழகிட்டு அடுத்த தடவ வாங்க."

"லைசன்ஸ் இல்லாதவனுக்கு யார் மேட்ச் குடுப்பாங்க?"

கொடுத்தாலும் பயனில்லை என்பதை இருவருமே அறிவோம். எனினும் நான் நகரவில்லை. கிரிவலத்துக்கு வரும் பௌர்ணமிக் கூட்டத்தைப் பற்றி, பேருந்துகளைப் பற்றி, திருத்தப்பட்ட விதி ஒன்றைப் பற்றிப் பேசினேன். அடுத்தவர் மேடையேறி விசில் ஊதினார். தேர்வாளர் மைதானத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நான் பேசிக்கொண்டே இருந்தேன். போதும் என்று காட்ட அங்கே யாருமில்லை.