லாட்ஜ் ஹாலில் ஆடு தேடிய சாயங்காலம்

ஜமீலா, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். இதை யாரிடமும் காட்டாதே. படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

எல்லாரும் தூங்கிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். சிம்னி விளக்கைச் சின்னதாக வைத்துக்கொண்டு பூகோள நோட்டில் எழுதுகிறேன். வெளிச்சம் போதவில்லை, எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே.

உனக்கு அந்தக் கட்லெட் வாசனை ஞாபகம் இருக்கிறதா?

அது எனக்கு வருஷத்தில் ஒரு நாள்தான் கிடைக்கும். லாட்ஜ் என்கிற அப்பாவின் சங்கத்து பங்களாவில், குடும்ப நாளில்... நெய்யும் புதினாவும் கலந்து, கேட்டுக்கு வெளியிலேயே மூக்கைப் பிடித்து இழுக்கும்.

மற்ற நாளெல்லாம் அங்கே ஆண்கள் மட்டும். மாதத்தில் ஒரு வியாழக்கிழமை அப்பா கறுப்புக் கோட்டு மாட்டி, சின்னத் தோல்பெட்டியை எடுத்துக்கொண்டு போவார். பெட்டிக்குள் ஒரு வெள்ளை ஏப்ரன் இருக்கும். அம்மா அதைப் பார்த்து, "வீட்டுல ஒரு நாளாவது அடுப்படிப் பக்கம் வந்திருக்காரா? அங்க போயி ஏப்ரன் கட்டிக்கிறாரு!" என்பாள். நீயும் நானும் தலையணையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்போம்.

உள்ளே என்னதான் செய்கிறார்கள்? நம் தெருவில் மண்டையோட்டை வைத்துப் பூசை என்றார்கள். அப்பாவைக் கேட்டால், "ஒண்ணுமில்லம்மா, ஒத்துமையா இருக்கப் பழகுறோம்" என்பார். அதைக் கதவைப் பூட்டிக்கொண்டா பழக வேண்டும்?

இந்த வருஷக் குடும்ப நாளுக்கு உன் அத்தாவும் வந்திருந்தார். அவரை லாட்ஜில் சேர்க்க அப்பாதான் பெயர் கொடுத்திருந்தார். "எல்லா மதத்து ஆளும் இருக்காங்க ராவுத்தரே, நீங்களும் வாங்க" என்று எத்தனை சனிக்கிழமை சொல்லியிருப்பார்! எங்கள் வீட்டில் தங்கிப் படித்த மகளைப் பார்க்க மீமிசலிலிருந்து கருவாட்டுப் பொட்டலத்தோடு பஸ்ஸில் வந்து இறங்கும் உன் அத்தா, என் அப்பாவை வாய் நிறைய "தம்பி" என்றுதான் கூப்பிடுவார்.

அன்றைக்கு வாசலில் கத்தியோடு நின்ற பொன்னுச்சாமி ஐயாவை நாம் பிடித்துக்கொண்டோம். லாட்ஜ் கூடும் நாளில் கதவுக்கு வெளியே நின்று காவல் காப்பவர் அவர்தான். மூன்று தட்டுத் தட்டினால்தான் கதவு திறக்கும் என்று தட்டியும் காட்டினார். டக்... டக்... டக்.

"உள்ள என்ன இருக்கு ஐயா?"

"ஆடு கட்டியிருக்கு பாப்பா. புதுசா வாரவரை அதுமேல ஏத்தி மூணு சுத்து."

"ஐயையோ, எங்கத்தா கனத்துக்கு ஆடு செத்துப் போயிருமே!" என்றாய் நீ. ஐயா சிரித்த சிரிப்பில் மீசை ஆடியது.

உனக்கு அது விளையாட்டு. எனக்கு அந்த ஆட்டைப் பார்த்தே ஆக வேண்டும் என்று ஆகிவிட்டது.

மியூசிக்கல் சேருக்கு நாற்காலி போதவில்லை என்று பெரிய ஹாலைத் திறந்தார்கள். நீ சுற்றிச் சுற்றி ஓடி ஜெயித்துக்கொண்டிருந்தாய். நான் மெல்ல உள்ளே நழுவிவிட்டேன்.

ஆடு இல்லை ஜமீலா. புழுக்கை கூட இல்லை.

கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரை. மூன்று பெரிய நாற்காலிகள். மேஜையில் ஒரு மரப்பெட்டி. அதன் மேல்தட்டில் கோலிக்குண்டு அளவுக்கு உருண்டைகள், கறுப்பும் வெள்ளையும். பக்கத்தில் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. ஒரு கறுப்பு உருண்டையை எடுத்து உள்ளே போட்டுப் பார்த்தேன்.

விழும் சத்தமே கேட்கவில்லை. கீழே இருந்த டிராயரை இழுத்தேன், காலி. தட்டினேன், ஆட்டினேன், வரவில்லை. அதற்குள் வெளியே பாட்டு நின்றது. ஓடி வந்துவிட்டேன். நீ பரிசாக வாங்கிய பென்சில் டப்பாவில் பாதி எனக்கு என்றாய்.

அதற்கு அடுத்த வியாழக்கிழமை என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். ஏன் நடந்தது என்று தெரியாது.

அப்பா ஷூவைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். கதவிடுக்கில் நின்று கேட்டேன். ஒருவரைச் சேர்க்கச் சம்மதம் என்றால் வெள்ளை உருண்டை, வேண்டாம் என்றால் கறுப்பாம். ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் சேர்க்க முடியாதாம்.

"காலி டிராயரக் காட்டிட்டுத்தான் ஆரம்பிச்சாங்க. கடைசில இழுத்தா ஒரு கறுப்பு. ஒண்ணே ஒண்ணு."

"யாரு போட்டதாம்?" என்றாள் அம்மா.

"கேக்கக் கூடாது. அதான் எங்க சட்டம்."

இருந்தது பதினாலு பேர். ஒருவராவது உருண்டைகளை எண்ணியிருந்தால் பதினைந்து வந்திருக்கும். நடுவில் சிக்கிக் கிடந்த என் உருண்டை, மற்றவை விழுந்த வேகத்தில் சேர்ந்து விழுந்திருக்கிறது. கறுப்பைப் பார்த்ததும் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்களாம். யாருமே எண்ணவில்லை.

அந்தச் சனிக்கிழமை உன் அத்தா வந்தார். உட்காரவில்லை.

"வக்கீல் சார், வேணாம்னா மொகத்துக்கு நேரா சொல்லியிருக்கலாமே. எம்புள்ளைய நான் கூட்டிக்கிட்டுப் போறேன்."

தம்பி இல்லை. வக்கீல் சார்.

அப்பா எப்படிச் சொல்வார்? தான் என்ன போட்டோம் என்பதைக் கூட வெளியே சொல்லக் கூடாதாம். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். நீ டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னைத் தேடினாய்... நான் வரவில்லை. ஹால் சாவிக்குப் பொறுப்பு அப்பா. தெரிந்தால் அவரையே விலக்கிவிடுவார்களோ என்று பயம். அடி விழுமே என்ற பயமும்தான்.

அப்போதெல்லாம் இரண்டு தட்டு, இரண்டு பாய், இரண்டு சடை பின்னும் வரை அம்மாவின் கத்தல். இப்போது ஒரு தட்டு. உன் பென்சில் டப்பா என் அலமாரியில். வியாழக்கிழமைகளில் அப்பா எங்கேயும் போவதில்லை. தோல்பெட்டி மேல் தூசி. யார் வீட்டுக்கு வந்தாலும், நீயா போட்டாய் என்பது போலவே பார்க்கிறார்.

இன்றைக்கு வகுப்பில் டீச்சர் சொன்னார்கள், இந்த மாதக் கடைசிக்குள் நீ வராவிட்டால் ரிஜிஸ்தரிலிருந்து உன் பெயரை எடுத்துவிடுவார்களாம். மீமிசலில் உனக்கு ஏது ஹைஸ்கூல்?

அதனால்... முதலில் யாரிடமும் காட்டாதே என்று எழுதினேன் அல்லவா, அதை விட்டுவிடு. அடுப்பில் போடாதே. உன் அத்தாவிடம் கொடு. கறுப்பு போட்டது ஒரு முட்டாள் பெண், ஆட்டைத் தேடிப் போனவள் என்று சொல்லு. அப்பாவிடம் நானே சொல்லிவிடுகிறேன், நாளைக்கு, இல்லை, ஞாயிற்றுக்கிழமை

யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

டக்... டக்... டக்.

அப்பாதான். விளக்கை அணைக்கப் போவதில்லை ஜமீலா, நோட்டை அப்படியே எடுத்துக்கொண்டு போய் அவரிடமே