வெள்ளிக்கிழமை லீவு

மஸ்கட்டில் வாரக்கடைசி என்றால் வெள்ளியும் சனியும். பன்னிரண்டு வருஷம் அப்படித்தான் இருந்தோம். கடலூரில் வெள்ளிக்கிழமை என்றால் தலைக்குக் குளித்து விளக்கேற்றுகிற நாள். அங்கே எங்களுக்கு அது கிரிக்கெட் நாள். விடிகிற நேரத்தில் விளக்கை ஏற்றி இரண்டு நிமிஷம் கும்பிட்டுவிட்டு, ஐஸ் பெட்டி, இட்லி டப்பா, பேட் எல்லாவற்றையும் காரில் திணித்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். பேருக்குக்கூடப் புல் இல்லாத சரளைக்கல் மைதானம். என் வீட்டுக்காரர் பந்து போடுவார். கோட்டைத் தாண்டி ஓடுகிற பந்தையெல்லாம் மகள் பொறுக்கி வந்து கொடுப்பாள். நான் ஸ்கோர் எழுதுவேன்.

ஆட வந்த மற்றவர்களின் மனைவிகளோடு உட்கார்ந்து நகைநட்டுக் கதை பேசப் பிடிக்காமல்தான் அந்த ஸ்கோர் நோட்டை முதலில் கையில் வாங்கினேன். அப்புறம் விடவில்லை. வைடு போட்டால் சொந்தப் புருஷன் என்றும் பார்க்க மாட்டேன். "ஒரு ரன்னுல என்னாடி ஆயிடப்போவுது?" என்று கெஞ்சுவார். ஒரு நாளும் மாற்றி எழுதியதில்லை. வெயில் ஏறியதும் ஆட்டம் முடியும். சாயந்திரம் கடற்கரை. சனிக்கிழமை, மலைகளுக்கு நடுவில் தண்ணீர் ஓடுகிற ஏதாவது ஓர் இடம். பெரிய சந்தோஷம் என்று அப்போது தோன்றவே இல்லை. வாரா வாரம் துணி துவைக்கவே நேரமில்லை என்று புலம்பிக்கொண்டுதான் இருந்தேன்.

மகள் பத்தாம் வகுப்புக்கு வந்தபோது நானும் அவளும் கடலூருக்குத் திரும்பினோம். "அவ காலேஜ் சேர்ற வரைக்கும்தான். அப்புறம் நானும் வந்துடுறேன்" என்றார். அவள் சிதம்பரத்தில் கல்லூரியில் சேர்ந்து விடுதிக்கும் போய்விட்டாள். அவர் வரவில்லை. கடலூர் முதுநகர் வீட்டில் நான் மட்டும். மூன்று பேருக்கு மூன்று ஊர்.

வேலைக்கும் போகாமல், சாப்பாடு கட்டிக்கொடுக்கப் பிள்ளையும் இல்லாமல் இருப்பவளுக்கு எல்லாக் கிழமையும் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை மட்டும் வேறு. அன்றைக்கு அவர் மைதானத்திலிருந்து வீடியோவில் பேசுவார். இப்போது யாரோ ஒரு பையன் ஸ்கோர் எழுதுகிறான். போனுக்குள்ளே அந்த நோட்டு கண்ணில் பட்டால் அன்றைக்கு முழுக்க எனக்கு மனசு சரியிருக்காது.

இரண்டு மாதத்துக்கு முன் அப்படிப் பேசும்போதுதான் சொன்னார்: "அடுத்த வாரம் ரெண்டு நாள் வரேன். வீக்கெண்டுதான், லீவுகூட போட வேணாம். பொண்ணுகிட்ட சொல்லாத. நேரா போய் நிப்போம். அவள கூட்டிக்கிட்டு பிச்சாவரம் போயி போட்ல சுத்திட்டு வரலாம்." எனக்கு போட் முக்கியமில்லை. நிரந்தரமாக வருவாரா, மாட்டாரா? முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டியது அது ஒன்றுதான்.

வியாழக்கிழமை வேலை முடித்து விமானம் ஏறி, வெள்ளி விடிகாலை வந்து சேர்ந்தார். குளித்துவிட்டு, எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு, பஸ் பிடித்துச் சிதம்பரம் போனோம். விடுதி வாசலில் இருந்த அம்மாள் எங்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பொண்ணுங்கல்லாம் கிளாஸுக்குப் போயிருக்குங்க சார். இன்னிக்கி வெள்ளிக்கெழமைங்களே?"

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவராவது அங்கே இருக்கிறார், அவருக்கு வெள்ளி லீவு. நான் ஊருக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. எனக்கும் உறைக்கவில்லை. நடுரோட்டில் நின்று இரண்டு பேரும் சிரித்தோம். கடைசியாக நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான்.

சாப்பாட்டு நேரத்தில் மகள் லேப் கோட்டோடு ஓடி வந்தாள். அப்பாவைக் கட்டிக்கொண்டாள். உடனே திட்டினாள். "ஒரு வார்த்த சொல்லிட்டு வரக்கூடாதாப்பா? சாயந்திரம் வரைக்கும் லேப் இருக்கு. நாளைக்கி டெஸ்ட்." நின்றபடியே நாலு வாய் சாப்பிட்டாள். "ஞாயித்துக்கெழம மொத பஸ்ஸுல வந்துடுறேன். பேட்ட எடுத்து வைம்மா. சில்வர் பீச்சுல நானும் அப்பாவும் ஆடுவோம், நீ ஸ்கோர் எழுது" என்று சொல்லிவிட்டு ஓடினாள். ஞாயிற்றுக்கிழமை அவர் மஸ்கட்டில் வேலையில் இருப்பார். சனிக்கிழமையே விமானம். அதை அவளிடம் இரண்டு பேருமே சொல்லவில்லை.

பிச்சாவரம் போகவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் சொன்னார்.

"இன்னும் மூணு வருஷத்துக்கு கையெழுத்து போட்டுட்டேன்."

"எப்ப?"

"போன மாசம். நேர்ல சொல்லலாம்னுதான் வந்தேன்."

அத்தனை பேர் நடுவில் நான் சண்டை போட மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். எனக்கு அவர் போட்ட கையெழுத்தைவிட, அதைச் சொல்ல பஸ்ஸைத் தேர்ந்தெடுத்ததுதான் ஆத்திரமாக இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இறங்கும் வரை திரும்பவில்லை.

மறுநாள் பெட்டியோடு கிளம்பும்போது, "ஞாயித்துக்கெழம விஷயத்த நீயே பக்குவமா சொல்லிடு" என்றார். சரி என்றேன்.

சனிக்கிழமை சாயந்திரம் மூன்று தடவை போனை எடுத்தேன். மூன்று தடவையும் கீழே வைத்தேன். டெஸ்ட் எழுதிய களைப்பில் இருப்பாள் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். புருஷனுக்காகக்கூட ஒரு ரன் மாற்றி எழுதாதவள் நான். எழுந்து போய், பரணிலிருந்து பேட்டை இறக்கித் துடைத்துக் கதவோரம் சாய்த்து வைத்தேன். இட்லிக்கு மூன்று பேருக்கு மாவு இருந்தது.

ஞாயிறு காலை ஏழரைக்கெல்லாம் வந்துவிட்டாள். வாசலிலிருந்தே "அப்பா!" என்றாள். பேட்டைப் பார்த்துச் சிரித்தாள். அப்புறம் கீழே பார்த்தாள். அங்கே என் செருப்பு மட்டும்தான் இருந்தது.

"நேத்தே போயிட்டாராம்மா?"

"ம்."

"போன்ல சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நீ வந்திருப்பியா?"

அவள் ஷூவைக் கழற்றி என் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.