கிரேன்காரர் பார்த்த பூநாரை

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் சந்திரமோகன் இருபத்திரண்டு வருஷமாகக் கிரேன் ஓட்டுகிறார். கிரேன் என்றதும் ரோட்டில் போகும் வண்டியை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது ஷெட்டின் கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் நகர்வது. நாற்பதடி உயரத்தில் கேபினுக்குள் உட்கார்ந்து, இரண்டு டன் கம்பிக் கட்டுகளை இங்கே தூக்கி அங்கே வைப்பார்.

மேலே இருந்து பார்த்துப் பார்த்து, கண்ணில் படுவதையெல்லாம் எண்ணிவிடும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. கடம்பத்தூரில் மாமனார் வகையில் எந்தக் கல்யாணம் என்றாலும் சமையல்காரர் இவரைத்தான் தேடுவார். மண்டபத்து மாடிப்படியில் ஏறி நின்று ஒரே ஒரு பார்வை. "முந்நூத்திப் பத்து. இன்னும் ஒரு பந்திக்குத் தாங்கணும்" என்பார். ஐந்துக்கு மேல் தப்பியதே இல்லை. அந்தப் பெருமை கொஞ்சநஞ்சமில்லை. சாவு வீட்டில்கூடத் தலையை எண்ணிச் சொல்லி, மனைவி ஜோதிலட்சுமியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

அப்பேர்ப்பட்ட கண்ணுதான் எட்டு மாதமாகக் காலை வாரிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருப்பது பளிச்சென்று தெரியும். தூரத்தில் இருப்பது மட்டும் ஆவிக்குள் இருப்பதுபோல மங்கல். இதை அவர் ஒரு ஈ காக்காயிடம்கூடச் சொல்லவில்லை.

காரணம் அரசப்பன். பழைய ஆபரேட்டர். ஒருநாள் மூக்குக்கண்ணாடியோடு வேலைக்கு வந்தார், அடுத்த மாதமே கேட்டில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதிக்கொண்டிருந்தார். அரசப்பனுக்கு நிஜமாக என்ன கோளாறு என்று சந்திரமோகன் விசாரிக்கவே இல்லை. கண்ணாடி போட்டால் கீழே இறக்கிவிடுவார்கள் என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். கேபினை விட்டு இறங்கிய சந்திரமோகனை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

வருகிற செவ்வாய்க்கிழமை வருஷாந்திர மெடிக்கல். ஆலைக்கு வரும் டாக்டர் சுவரில் மாட்டுகிற எழுத்து அட்டை பல வருஷமாக ஒரே அட்டை. கடைசி வரி வரைக்கும் மனிதர் மனப்பாடம் செய்து வைத்திருந்தார்.

தினசரி வேலைக்கு என்ன செய்தார் என்கிறீர்களா? காதை வைத்து ஓட்டினார். கொக்கிக்குக் கீழே நின்று சைகை காட்டுகிறவன் மணவாளன், ஜோதிலட்சுமியின் தம்பி. சந்திரமோகன்தான் அவனை ஆலையில் சேர்த்துவிட்டார். விரலை மேலே சுழற்றினால் தூக்கு, கீழே சுழற்றினால் இறக்கு, உள்ளங்கையை விரித்தால் நில். கூடவே சைகைக்கு ஒரு விதமாக விசில் ஊதும் பழக்கமும் அவனுக்கு உண்டு. அந்த விசில்தான் எட்டு மாதமாக மாமனைக் காப்பாற்றியது. மார்கழியில் ஒருநாள் கம்பி உருட்டுகிற சத்தத்தில் விசில் அமுங்கிப்போக, தொங்கிய கம்பிக் கட்டு மணவாளன் தோளுக்கு ஒரு சாண் தள்ளி வந்து நின்றது. "பிரேக் பிடிக்கல" என்று சந்திரமோகன் மேலிருந்து கத்தினார். மெக்கானிக்குகள் இரண்டு நாள் பிரேக்கைக் கழற்றி மாட்டி, கோளாறு எதுவும் இல்லை என்று தலையைச் சொறிந்துகொண்டு போனார்கள்.

இந்த லட்சணத்தில் காணும் பொங்கல் வந்தது.

"பத்து வருசமா ஏரிக்குப் பக்கத்துலயே குந்திக்கினு இருக்கோம், அங்க வர்ற பூநாரைப் பறவைய ஒருவாட்டி காட்டுனீங்களா?" என்று ஜோதிலட்சுமி பிடித்துக்கொண்டாள். "எதிர் ஊட்டு ரோஜா போன்ல போட்டோ காட்டிக் காட்டி என்னப் பேஜாரு பண்றா."

மறுப்பதற்கு வாய்ப்பே இல்லை. எலுமிச்சை சாதம், வறுத்த கறி, முறுக்கு, ஒரு பாய். மணவாளனையும் சேர்த்து இரண்டு பைக்குகளில் மூன்று பேரும் கிளம்பினார்கள். அண்ணாமலைச்சேரிக் கரையில் பாதி மாவட்டமே கூடியிருந்தது. பழவேற்காடு ஏரி வெயிலில் தகதகவென்று கிடந்தது. பறவைகளைக் கவனிக்கக் காவலர் ஒருவர் இருந்தார், பச்சையப்பன் என்று பெயர். உள்ளூர் மீனவர். கழுத்தில் பைனாகுலர் தொங்க, கிட்டே போகிறவர்களை விரட்டுவதும், எட்ட நிற்கிறவர்களுக்கு விளக்கம் சொல்வதுமாக இருந்தார்.

"அம்மாடி, எம்மாம் பெரிய கூட்டம்" என்று ஜோதிலட்சுமி வாயைப் பிளந்தாள். "றெக்கைய விரிச்சா உள்ள செக்கச்செவேல்னு இருக்குது பாருங்க."

சந்திரமோகன் பார்த்தார். தண்ணீர் தெரிந்தது. வானம் தெரிந்தது. "ஆமா ஆமா, செவப்பு" என்றார்.

"மாமா, எண்ணிச் சொல்லு பாக்கலாம்" என்றான் மணவாளன். சுற்றி நின்ற நாலைந்து பேரும் திரும்பினார்கள். எண்ணச் சொன்ன பிறகு எண்ணாமல் இருக்க சந்திரமோகனால் முடியுமா? கண்ணை இடுக்கினார். வலது பக்கம், கொஞ்சம் கிட்டத்தில், தண்ணீருக்குள் வரிசையாக ஏதோ நின்றது. நெட்டையாக, ஒல்லியாக, கால் மாதிரி. அப்பாடா என்று இருந்தது.

"நாப்பத்தி மூணு" என்றார் கம்பீரமாக.

பச்சையப்பன் அந்தப் பக்கம் பார்த்தார், இவரைப் பார்த்தார். "அண்ணே, அது வலை கட்ட நட்ட கொம்பு. பறவ இந்தாண்ட நிக்குது, ஐந்நூறுக்கு மேல."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "குசும்பு புடிச்ச மனுசன், வேணும்னே சொல்றாரு" என்று ஜோதிலட்சுமியும் சிரித்தாள். சந்திரமோகனும் சேர்ந்து சிரித்துவைத்தார். மணவாளன் மட்டும் சிரிக்கவில்லை. கொம்புகளை ஒரு தரம் பார்த்தான். பிறகு காய்ந்த சேற்றுத் திட்டில் இறங்கி நடந்தான். ஷெட்டின் நீளம் இருக்கும், அங்கே போய்த் திரும்பி நின்று கையைத் தூக்கினான். விசில் ஊதவில்லை.

"மாமா, இது இன்னா?" என்று அங்கிருந்து குரல் கொடுத்தான்.

கை இருப்பது தெரிந்தது. அந்தக் கை என்ன சொல்கிறது என்பது தெரியவில்லை. சந்திரமோகன் குருட்டாம்போக்கில், "தூக்கு" என்றார்.

மணவாளன் கையை இறக்கவில்லை, அப்படியே நின்றான். பச்சையப்பனுக்கு இது எதுவும் புரியவில்லை. கொம்பை எண்ணிய மனுஷன் பாவம், பறவையையாவது பார்க்கட்டும் என்று பைனாகுலரை எடுத்து நீட்டினார். "இந்தச் சக்கரத்தத் திருப்புண்ணே, தெளிவா வரும்."

திருப்பினார். ஏரி சட்டென்று பக்கத்தில் வந்து நின்றது. ஐயோ, என்ன அழகு. குச்சிக் காலில் ரோஜா நிற உடம்பு. கழுத்தை வளைத்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் விட்டு, ஒன்று பாக்கியில்லாமல் எல்லாம் மேய்ந்துகொண்டிருந்தன. அலகின் கறுப்பு நுனி தெரிந்தது. அதிலிருந்து சொட்டுகிற நீர்கூடத் தெரிந்தது. உலகம் இவ்வளவு தெளிவாக இருக்கும் என்பதையே எட்டு மாதத்தில் மறந்துபோயிருந்தார். எண்ண வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

அப்படியே பைனாகுலரை மணவாளன் பக்கம் திருப்பினார். மச்சான் முகம் தெரிந்தது. அந்த முகத்தில் இருந்த பயம் தெரிந்தது. ஐந்து விரலும் விரிந்த உள்ளங்கை தெரிந்தது.

நில்.

பைனாகுலரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சேற்றுத் திட்டில் இறங்கி அவனிடம் போனார். மணவாளன் அப்போதுதான் கையை இறக்கினான்.

"அன்னிக்கு பிரேக்கு இல்ல, அப்படித்தான மாமா?"

"இல்ல."

"எத்தினி நாளா?"

"எட்டு மாசம்."

மணவாளன் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. சந்திரமோகனே பேசினார். "செவ்வாக்கெழம மெடிக்கல் முடியட்டும்டா. பாஸாயிட்டேன்னா வெளியில தனியா கண்ணாடி வாங்கிக்கிறேன். அதுவரைக்கும் நீ லீவு போட்டுடு. ஒனக்கு ஒடம்பு செரியில்லன்னு நானே சொல்லிக்கிறேன்."

"நா லீவு போட்டா அந்த எடத்துல பார்த்திபன் நிப்பான் மாமா" என்றான் மணவாளன். "அவனுக்குப் பொண்ணு பொறந்து இருவது நாளு ஆவுது."

பின்னாலேயே வந்த ஜோதிலட்சுமி முழுசும் கேட்டுவிட்டாள். அவள் கையில் முறுக்குப் பொட்டலம் இருந்தது. புருஷனைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள்.

"என் தம்பி தலைக்கு மேலயா?" என்று மட்டும் கேட்டாள். சாதத்தை யாரும் தொடவில்லை. வீட்டுக்கு வரும்போது அவள் தம்பியின் பைக்கில்தான் ஏறினாள். சந்திரமோகன் முன்னால் போகும் சிவப்பு விளக்கைக் குத்துமதிப்பாகப் பிடித்துக்கொண்டு பின்னால் மெதுவாக ஓட்டி வந்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, காலை ஷிஃப்ட். ஆறு மணிக்குச் சங்கு ஊதியது. கீழே மணவாளனும் பார்த்திபனும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றுவிட்டார்கள். சந்திரமோகன் கிரேன் ஏணியில் கை வைத்தார், எடுத்தார். நேராக ஃபோர்மேன் துளசிராமன் அறைக்குப் போனார்.

"சார், எனக்குத் தூரத்துல கண்ணு தெரியல. கீழ நிக்கிறவன் கை தெரியல."

துளசிராமன் டீ தம்ளரை வைத்தார். கதவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். இருபது வருஷப் பழக்கம், மனிதருக்கு நல்ல மனசு. "யோவ், செவ்வாக்கெழமதான் மெடிக்கல் இருக்குதே. அதுல தானா தெரிஞ்சுட்டுப் போவுது. நீயா வந்து ஏன் வாயக் குடுத்து மாட்டிக்கிற? பேசாம போய் ஏறு."

"செவ்வாக்கெழமைக்குள்ள ஞாயிறு போவ மூணு ஷிஃப்ட் இருக்குது சார்" என்றார் சந்திரமோகன்.

துளசிராமன் போனை எடுத்து, அன்றைக்கு லீவில் இருந்த இன்னொரு ஆபரேட்டரை வேலைக்கு வரச் சொன்னார்.