குள்ளக் கோழியின் அடை

சுரங்கத்து வெள்ளைக்காரத் துரை பங்களாச் சமையல்காரர் வேலையை விட்டுப் போகும்போது ஒரு குள்ளக் கோழியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதை ஏந்திக்கொண்டு எங்கள் தொழிலாளர் லைனுக்குள் நுழைந்ததும், அக்கம்பக்கத்தார் "அந்த வீட்டுக்கு ஏத்த கோழிதான்" என்றார்கள். என் தலை என் மனைவியின் தோளைத்தான் தொடும். இந்தக் கோழியோ எங்கள் பெருவிடைக் கோழிகளின் வயிற்றுக்குக் கீழே நிமிர்ந்தபடி நடந்து போகும். ஆனால் தீனி போட்டால் பெருவிடைகளைக் கொத்தி விரட்டிவிட்டு முதலில் தின்னும். அந்தச் சாமர்த்தியம் எனக்கு வாய்க்கவில்லை.

அந்த வருடம் எங்கள் குழந்தை குப்புற விழப் பழகும் முன்பே காய்ச்சலில் போய்விட்டது.

"இந்த மண்ணுல சின்னது எதுவும் தங்காது. அண்ணன் வந்தா குடியாத்தம் போயிடறேன்" என்றாள் மனைவி. நான் ஏதோ வேடிக்கை சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

பெருவிடைகள் முட்டையிட்டுவிட்டு மேயப் போய்விடும். அடையில் படுத்தது குள்ளக் கோழிதான். பெருவிடை முட்டைகளை அதன் அடியில் வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "இது பொரிச்சா இருக்கேன்யா. இல்லன்னா போறேன்."

இடிச் சத்தத்தில் முட்டை கெடாமலிருக்க அடைக்கூடைக்குள் இரும்பு போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவள் இரும்பைக் கூடைக்கு அடியில் வைத்தாள்.

"இன்னாமே, கீழ வெக்கிற?"

"இங்க இடி கீழர்ந்துதான வருது."

சுரங்கத்தில் வேட்டு வைக்கும்போது எங்கள் தரை அதிரும். "அந்த இடிக்குப் பக்கத்துலதான் நான் நிக்கறேன். எனக்கு ஒரு இரும்பு வெக்கலியே" என்றேன். அதற்கும் சிரிக்கவில்லை.

நாள் கடந்தும் ஓடு விரியவில்லை. அவளுடைய அண்ணன் வந்த காலையில் ஒவ்வொரு முட்டையாகக் காதருகே ஆட்டிப் பார்த்தாள். எல்லாம் கூமுட்டை. அத்தனை பெரிய முட்டைகளை அந்தச் சின்ன உடம்பால் மூட முடியவில்லை போலும். கொல்லையில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்து துணிகளை மூட்டை கட்டினாள்.

கோழி வெறுங்கூடையில் போய்ப் படுத்துக்கொண்டது. தூக்கி வெளியே விட்டாள். திரும்பவும் போய்ப் படுத்தது. மறுபடி தூக்கினாள். மறுபடியும் அதேதான்.

"ரயிலுக்கு நேரமாச்சும்மா" என்றார் அண்ணன்.

"இது எழுந்து ஒரு வாய் தின்னட்டும்ணா. நீ போ."

அவர் என்னைப் பார்த்தார். "இன்னா மாப்ள, கோழிக்காகவா நிக்குது?"

"எனக்காகன்னு சொல்ல எனக்கும் ஆசைதான் மச்சான்."

அவர் தனியாகப் பங்காருபேட்டை ரயிலைப் பிடிக்கப் போனார்.

அவள் கேழ்வரகை ஊறவைத்து உள்ளங்கையில் நீட்டினாள். கோழி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தின்றால் கிளம்பிவிடுவாளே என்ற பயத்தில், அந்த வாயில்லா ஜீவன் பட்டினி கிடக்கட்டும் என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் அது இரண்டு தானிய மணியைக் கொத்தியது. நான் மூட்டையைப் பார்த்தேன்.

அவள் மூட்டையைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் ஊறப்போடுய்யா" என்றாள்.