மாமா அடைத்த துளை

என் அக்காவின் கணவருக்குக் கடைத்தெருவில் 'பிரஷர்' என்று பெயர். ஏர் கம்ப்ரஸர், காற்றை உறிஞ்சும் வேக்குவம் பம்ப் எல்லாம் பழுது பார்க்கும் பட்டறை அவருடையது. அங்கே நானும் ஒரு வேலைக்காரன். எந்தப் பம்ப்பில் எங்கே காற்று கசிகிறது என்று காதை வைத்தே சொல்லிவிடுவார். கோபம் மட்டும் மூக்கு நுனியில் நிற்கும். ஆனால் தனக்கு ஒரு குறை என்றால் அந்த வாய் திறக்காது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஏற்கெனவே சர்க்கரை. அதன்மேல் மாரடைப்பு வந்து, ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு வந்தார். வந்த கொஞ்ச நாளில் கட்டிலை விட்டு ஹாலுக்குப் படுக்கையை மாற்றினார். உள்ளே ஃபேன் காற்று பத்தவில்லை என்றார். பிறகு அக்காவின் குறட்டை என்றார். அக்காவுக்குக் குறட்டையே கிடையாது. அவளோடு ஒரே அறையில் வளர்ந்தவன் நான். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலே எரிந்து விழுவார். இப்படியே இரண்டு வருடம் ஓட்டினார்.

அவர் சாமான் வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து அக்கா ஒருநாள் பட்டறைக்கு வந்தாள்.

"டேய், மறைக்காம சொல்லு. இங்க பொம்பளை யாராச்சும் வர்றாங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இங்க வர்றதெல்லாம் லாரிக்காரனும் ஏசி மெக்கானிக்கும்தான். உன் புருஷன் மூஞ்சியை வேற எவக்கா பாப்பா?"

அவள் சிரிக்கவில்லை. "அப்ப என்னைத்தான் பிடிக்கல. பெரிய பொண்ணு கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. மாசக் கடைசியில அவ வீட்டோட போய் இருந்துடறேன். உன் மாமாகிட்ட சொல்லிடு."

சொன்னேன். மாமாவின் கையிலிருந்த ஸ்பேனர் அப்படியே நின்றது. முகம் செத்துவிட்டது. அவள் போய்விடக் கூடாது என்ற தவிப்பு அவருக்கு இருந்தது, அதை நான் மறுக்க மாட்டேன். அந்தத் தவிப்பை அவளிடம் போய்ச் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். மனிதர் மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். மாரடைப்புக்குப் பிறகு தன் ஆண்மை எழவே இல்லை என்று வழியில்தான், அதுவும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, சொன்னார்.

டாக்டர் பொறுமைசாலி. "நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை வச்சிருக்கீங்க. அதோட இதுக்கான மாத்திரையும் சேர்ந்தா ரத்த அழுத்தம் சட்டுனு இறங்கிடும், உயிருக்கே ஆபத்து. அதனால மாத்திரை வேண்டாம். ஆனா வேற வழி இருக்கு, பயப்படாதீங்க" என்றார்.

சிகரெட்டை விட வேண்டும், தினமும் நடக்க வேண்டும், தொப்பை குறைய வேண்டும். சிறுநீரை அடக்குவதுபோல அடித்தசையை இறுக்கி விடுகிற ஒரு பயிற்சி. பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும். பிறகு ஒரு பிளாஸ்டிக் குழாய்க் கருவி. கையால் பம்ப் செய்து காற்றை இழுத்தால் ரத்தம் வந்து நிறையும். அது திரும்பாமலிருக்க அடியில் ஒரு ரப்பர் வளையம், அரைமணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கக் கூடாது. எதற்கும் மசியவில்லை என்றால் கடைசியாக ஆபரேஷன்.

"இந்தச் சின்ன துளையைப் பாருங்க. அளவுக்கு மேல இழுத்தா இதுவே திறந்து காத்தை உள்ள விட்டுடும். நீங்க ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவர். கொஞ்சம் கூடினாலும் உள்ள ரத்தம் கட்டிக்கும். அடுத்த தடவை வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து பேசினாத்தான் இது பாதி சரியாகும்."

வெளியே வந்ததும் கேட்டேன். "அக்காவைக் கூட்டிட்டு வரலாமே மாமா?"

"எதுக்கு? தமுக்கு அடிச்சு ஊருக்கே சொல்லவா? வாயை மூடிட்டு வா."

மத்தியானம் ஷட்டரை இறக்கிவிட்டு, பட்டறையின் பின்னறையில் அந்தக் கருவியை வைத்துப் பழக ஆரம்பித்தார். சில வாரமாவது பழக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டில் அக்கா துணிமணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். இவருக்குப் பொறுமை ஏது? ஒருநாள் கருவியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, காதை ஒட்டிக் கேட்டார்.

"லீக் ஆகுதுடா."

"அது லீக் இல்ல மாமா. டாக்டர் சொன்னாரே, அந்தத் துளை."

"பம்ப்பைப் பத்தி எனக்கு டாக்டர் பாடம் எடுக்கணுமா? வேக்குவம் நிக்கல. அதான் ஒண்ணும் நடக்கல."

சொன்னால் கேட்கிற ஜென்மமா? நான் ஒரு கம்ப்ரஸரை மாட்டிக் கொடுக்க வெளியே போன நேரத்தில் அந்தத் துளையைப் பசை வைத்து அடைத்துவிட்டார். பட்டறையில் எத்தனையோ பம்ப்புகளுக்குச் செய்த வைத்தியம்தான். நான் திரும்பி வந்தபோது பின்னறையிலிருந்து முனகல் கேட்டது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் வியர்வை. அந்த இடம் வீங்கி, கத்திரிக்காய் நிறத்தில் ரத்தம் கட்டியிருந்தது.

"உங்க அக்காகிட்ட சொன்ன, கொன்னுடுவேன்" என்றார். அந்த நிலைமையிலும் வீராப்பு!

ஆட்டோவில் ஏற்றிய கையோடு அக்காவுக்குப் போன் போட்டேன். பின்னே? வார்டு வாசலில் நர்ஸ் அவளிடம், "ஆறுற வரைக்கும் அந்தக் கருவியைத் தொடக் கூடாதும்மா. உங்களுக்கும் டாக்டர் சொல்லிக்கொடுத்திருப்பாரே" என்றாள்.

"எந்தக் கருவி?" என்று அக்கா என்னைப் பார்த்தாள். அங்கேயே பெஞ்சில் உட்காரவைத்து ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் அழவில்லை. எழுந்து நேராக டாக்டரிடம் போனாள்.

"ஆபரேஷன் தேவைப்படாது, தானா வத்திடும். ஆறினதும் மறுபடி ஆரம்பிக்கலாம், நீங்களும் வாங்க" என்றார் அவர்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே வந்திருந்தா, டாக்டர்?"

"அப்பவும் இதையேதான் சொல்லியிருப்பேன்மா."

உள்ளே மாமா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். "எல்லாம் தெரிஞ்சுபோச்சுல்ல? உனக்காகத்தான் செஞ்சேன். நீ போயிடக் கூடாதுன்னுதான்."

அக்கா கட்டில் பக்கத்தில் நின்றாள். "எனக்கு வேண்டியிருந்துச்சுங்க. இல்லன்னு பொய் சொல்லமாட்டேன். ஆனா முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, சரின்னு பக்கத்துல படுத்திருப்பேன். நீங்க என்ன சொன்னீங்க? 'இந்த வயசுல உனக்கு என்ன கேடு, அசிங்கமா இல்ல'ன்னு கேட்டீங்க. நான் குளிக்கிற ரூம்ல நின்னு என் உடம்பையே பாத்துப் பாத்து அருவருத்தேன். உங்க நோயைத் தூக்கி என் தலையில போட்டுட்டீங்க."

மாமா முதல்முறையாக இறங்கி வந்தார். "தப்புதான். டாக்டர் ரெண்டு பேரையும் வரச் சொல்றாரே, போலாமா?"

"நீங்க போங்க. நல்லாகுங்க."

வீக்கம் வற்றும்வரை கூடவே இருந்து எல்லாம் பார்த்தாள். ஒரு குறை வைக்கவில்லை, ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவுமில்லை. அவர் எழுந்து நடமாட ஆரம்பித்ததும் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதன்பிறகு மனிதர் டாக்டர் சொன்னதைத் தட்டவில்லை. சிகரெட்டை விட்டார், விடிந்தால் நடக்கிறார், தொப்பை கரைந்துவிட்டது, பயிற்சியை ஒருநாளும் விடுவதில்லை. புதுக் கருவி ஒன்றும் வாங்கிச் சொன்னபடி பழகினார். போன வாரம் டாக்டர், "நல்ல முன்னேற்றம், வீட்டம்மாவை ஏன் இன்னும் கூட்டிட்டு வரல?" என்று கேட்டார். ஊருக்குப் போயிருக்கிறாள் என்று மென்று விழுங்கினார்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தவர், "எல்லாம் சரியாயிடுச்சுன்னு உங்க அக்காகிட்ட நீயே சொல்லேன்" என்றார். அவர் முன்னாலேயே போன் போட்டுச் சொன்னேன். அக்கா முழுசாகக் கேட்டாள்.

"சந்தோஷம். உடம்பைப் பாத்துக்கச் சொல்லு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அதை அப்படியே மாமாவிடம் சொன்னேன்.

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"இல்ல மாமா. வேற ஒண்ணும் சொல்லல."