காலி சீட்டின் பெல்ட்

2024 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை. தூத்துக்குடி மாவட்டம் ஆறுமுகநேரியை அடுத்த உப்பளச் சாலையில், உப்பு மூட்டை ஏற்றி வந்த லாரி ஒன்று பாத்திக்குள் இறங்கியது. பாத்தியில் தண்ணீர் முழங்கால் மட்டம். லாரியில் இருந்தவர்களில் ஒருவர் மூழ்கி இறந்தார்.

நடந்தது பட்டப்பகலில். லாரியை ஓட்டிய கிளாட்வின் இன்றும் ஆலந்தலையில்தான் இருக்கிறான். எப்போது கேட்டாலும் ஒரே மாதிரிதான் சொல்கிறான். ஒரு சொல் கூடுவதில்லை, குறைவதில்லை.

லாரி புதுசு. மனைவி ஜெர்லினின் கழுத்திலும் கையிலும் இருந்ததெல்லாம் அதற்குள் போயிருந்தது. ஆனால் வண்டி ஓடவில்லை. லோடு ஏற்றிவிட்டால் மாட்டு வண்டிபோல நகர்ந்தது. எவ்வளவு மிதித்தாலும் உள்ளிருக்கும் கம்ப்யூட்டர் தான் நினைத்த வேகத்தைத்தான் கொடுத்தது. துறைமுக வரிசையில் மற்ற லாரிகள் முந்திக்கொண்டன. பிந்தி வருகிறவனுக்கு அடுத்த லோடு கிடைப்பது சந்தேகம். கம்ப்யூட்டரில் கை வைத்தால் வாரண்டி போய்விடும் என்று ஷோரூமில் முதல் நாளே சொல்லியிருந்தார்கள். வாரண்டி போய், பிறகு என்ஜினும் போனால், ஜெர்லினின் நகை போனது போனதுதான்.

அப்போதுதான் நாசரேத் ஊர் எபனேசரைப் பற்றிச் சொன்னார்கள். என்ஜினியரிங் முடித்தவன். ஒரு லேப்டாப், ஒரு கத்தை வயர், நிறைய வாய். அவன் வழி சுலபமானது. கம்பெனி கொடுத்த கம்ப்யூட்டர் பெட்டியைத் தொடவே மாட்டான். அப்படியே கழற்றி உன் கையில் கொடுத்துவிடுவான். அதே மாடல் பழைய பெட்டி ஒன்றில் வேகத்தையும் இழுவையையும் கூட்டி எழுதி, அதை மாட்டிவிடுவான். சர்வீசுக்குப் போகும் முன்பு கம்பெனிப் பெட்டியைத் திரும்ப மாட்டிக்கொண்டால் போதும்.

"கம்பெனிக்காரன் தலைகீழா நின்னாலும் கண்டுபிடிக்க முடியாது அண்ணாச்சி. அவன் பொட்டி பச்சப்புள்ள மாதிரி இருக்கும்."

"இது எங்கன எடுத்த பொட்டி?"

"காயலான் கடையில. அடிபட்ட வண்டி. வண்டிக்குத்தான அடி, பொட்டிக்கு இல்லியே."

"அடிபட்டதுன்னா... ஆளுக்கு?"

எபனேசர் ஸ்குருவை முறுக்கிக்கொண்டே சிரித்தான். "ஆளு என்ன, பொட்டிக்குள்ளயா இருக்கப் போறான்?"

கிளாட்வினும் சிரித்தான். கம்பெனிப் பெட்டியைப் பழைய சேலையில் சுற்றி, ஜெர்லின் பீரோவின் அடித்தட்டில் வைத்தாள்.

மறுநாள் லாரி பறந்தது. கிளாட்வின் விசிலடித்தபடி ஓட்டினான். ஆறுமுகநேரி தாண்டி உப்பளம் தொடங்கும் இடத்தில் அந்தச் சத்தம் வந்தது.

டிங்... டிங்... டிங்...

முன்னால் சிவப்பு விளக்கு. இடது சீட்டில் ஆள் இருக்கிறது, பெல்ட் போடவில்லை என்று அர்த்தம். இடது சீட்டில் ஒரு தண்ணீர் பாட்டில்கூட இல்லை. அவன் சீட்டைத் தட்டினான். நிற்கவில்லை. ஓரமாக நிறுத்தி எபனேசருக்குப் போன் போட்டான்.

"என்ஜின் பொட்டிக்கும் பெல்ட்டுக்கும் சம்பந்தமே இல்ல அண்ணாச்சி. அது வேற வயரு. சும்மா பெல்ட்ட இழுத்து மாட்டி வுடுங்க. வாயப் பொத்திரும்."

எத்தனையோ டிரைவர்கள் செய்வதுதான். பெல்ட்டை இழுத்தான். காலி சீட்டின் குறுக்கே மாட்டினான். க்ளிக். சத்தம் நின்றது.

அதுவே வழக்கமானது. காலையில் மாதா படத்தைத் தொட்டுச் சிலுவை போடுவான். பிறகு காலி சீட்டுக்குப் பெல்ட் போடுவான்.

சில நாள் கழித்து ஒன்றைக் கவனித்தான். மாட்டிய பெல்ட் சீட்டோடு ஒட்டிக் கிடக்க வேண்டும். கிடக்கவில்லை. ஒரு முழம் முன்னால் வளைந்து நின்றது, ஒரு வயிற்றைச் சுற்றியதுபோல. தொட்டான். விறைப்பாக இருந்தது. பூட்டை அழுத்தியதும் படீரென்று உள்ளே பாய்ந்தது. சீட் ஈரம். விரலை நாக்கில் வைத்தான். உப்பு. உப்பு லாரியில் உப்பு இல்லாமல் என்ன இருக்கும் என்று சொல்லிக்கொண்டான்.

அப்புறம் பூட்டு ஆடத் தொடங்கியது. உச்சிவெயிலில், உப்பள வளைவு நெருங்கும்போது மட்டும். கடகட... கடகட... யாரோ பூட்டின் சிவப்புப் பொத்தானைத் தேடித் தேடி அழுத்துவதுபோல. கிளாட்வின் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினான். அதையும் மீறிக் கேட்டது. எரிச்சலில் ஒரு தீப்பெட்டி அட்டையைக் கிழித்து மடித்து, பொத்தான் இறங்காதபடி இடுக்கில் திணித்தான்.

சத்தம் அடங்கியது.

மார்ச் 12 அன்று ஜெர்லினின் தம்பி ஆன்டனி வண்டியில் ஏறினான். மாலத்தீவுக்குப் போகும் சரக்குத் தோணியில் வேலை. தூத்துக்குடியில் இறங்க வேண்டும். மறுநாள் சர்வீஸ் என்பதால், கம்பெனிப் பெட்டியும் சேலைச் சுற்றோடு சீட்டுக்குப் பின்னால் இருந்தது.

"என்ன அத்தான், காலி சீட்டுக்குப் பெல்ட் போட்டு வச்சிருக்கீய. யாரு, மாதாவா வாராவ?"

"ஏலே, வாய வச்சிக்கிட்டுச் சும்மா இரி. அது மேலயே உக்காரு. கழட்டுனா கத்தும்."

ஆன்டனி பெல்ட்டின் மேல் உட்கார்ந்தான். பெல்ட் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது. கிளாட்வின் அதைக் கண்ணால் பார்த்தான்.

உப்பளம் வந்தது. வெயிலில் பாத்திகள் கண்ணைக் கூசவைத்தன. ஆன்டனி தோணியில் நடந்த ஏதோ கூத்தைச் சொல்லிக்கொண்டு வந்தான்.

வளைவு.

ஆன்டனி பாதி வார்த்தையில் நிறுத்தினான்.

"அத்தான்... இறுக்குது."

கிளாட்வின் திரும்பினான்.

பெல்ட் ஆன்டனியின் நெஞ்சின் குறுக்கே இருந்தது...

பிரேக்கை மிதித்தான். கால் கீழே போனது. வண்டி நிற்கவில்லை.

ஸ்டியரிங் இடது பக்கம் சுற்றியது.

அவன் சுற்றவில்லை.

லாரி இடது பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. ஆன்டனி இருந்த பக்கம் கீழே. முழங்கால் தண்ணீர்தான். ஆனால் பெல்ட் அவனைச் சீட்டோடு கட்டிப் போட்டிருந்தது. மூக்கு தண்ணீருக்கு நான்கு விரல் கீழே. நடுக்கடலில் குதித்து நீந்துகிறவன்.

கிளாட்வின் பூட்டைத் தேடி அழுத்தினான். இறங்கவில்லை. மறுபடி அழுத்தினான். இறங்கவில்லை. அப்போதுதான் அட்டை நினைவுக்கு வந்தது. நகத்தால் கிண்டினான். அட்டை ஊறிப் பருத்திருந்தது. ஆன்டனியின் கையும் அங்கேதான் இருந்தது. இருவர் விரல்களும் ஒரே பொத்தானில்.

கடகட... கடகட...

உப்பளத்தில் வேலை செய்யும் பேச்சித்தாய் ஓலை வெட்டும் அரிவாளோடு ஓடிவந்து பெல்ட்டை அறுத்தாள். அதற்குள் குமிழி நின்றுவிட்டது.

உடலைக் கொண்டுபோன பிறகு, விஷயம் கேள்விப்பட்ட எபனேசரிடமிருந்து போன் வந்தது.

"இன்சூரன்ஸ் சர்வேயர் வாரதுக்குள்ள பொட்டிய மாத்துங்க அண்ணாச்சி. அழுவுறத பொறவு அழுவலாம்."

மாற்றினான். பூட்டிலிருந்து அட்டையையும் சுரண்டி எடுத்தான். பேட்டரி வயர் கழன்று கிடந்தது. சாவி அவன் சட்டைப்பையில் இருந்தது.

டிங்...

ஒரே ஒரு முறை.

அடக்கம் முடிந்த அன்று ஜெர்லின் ஒன்றுதான் கேட்டாள். "அவன் பெல்ட்டே போட மாட்டானே. அன்னைக்கி மட்டும் ஏன் போட்டான்?"

ஒரு வாரம் கழித்து அவன் பேச்சித்தாயைப் பார்க்கப் போனான். அவள் அந்தப் பாத்தியைக் கையால் காட்டினாள்.

"போன வருசமும் இங்கனதான் ஒரு வண்டி கவுந்துச்சி. உன் வண்டி மாதிரியே. டிரைவர் குதிச்சி ஓடிட்டான். கிளீனருக்குப் பெல்ட்டு கழலல. கழட்டி வுடுங்க, கழட்டி வுடுங்கன்னு அந்தப் பூட்டப் போட்டு ஆட்டிக்கிட்டே கெடந்தான். நாங்க வாரதுக்குள்ள முடிஞ்சிருச்சி."

"அந்த வண்டி எங்க?"

"காயலான் கடைக்காரன் இழுத்துட்டுப் போனான்."

பழைய பெட்டியை எபனேசர் வந்து எடுத்துப்போனான். நன்றாக வேலை செய்ததால், முள்ளக்காட்டில் வேறொரு உப்பு லாரிக்கு மாட்டிக் கொடுத்தான்.

கிளாட்வினின் லாரியைக் கம்பெனி சோதித்தது. பிரேக்கிலும் ஸ்டியரிங்கிலும் கோளாறு இல்லை. கம்ப்யூட்டர் அமைப்புகளில் எந்த மாற்றமும் இல்லை. வாரண்டி செல்லும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அறுந்துபோன இடது சீட் பெல்ட்டை இலவசமாக மாற்றித் தந்தார்கள்.